சிவப்பு டிரம்மும் வெற்றுப் படிவங்களும்

ஜனவரி 3, புதன்

கூட்டுறவு வங்கியில் புது டைரி கொடுத்தார்கள். போன வருட டைரியில் பால் கணக்கும் வயிற்றுவலியும்தான் இருக்கின்றன. இந்த வருடமாவது ஒழுங்காக எழுத வேண்டும். முப்பத்தொரு வருடம் அரசுப் பெண்கள் பள்ளியின் வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்தவள் நான். சீட்டு ஒட்டாமல் ஒரு குடுவையை அலமாரியில் ஏற்றியதில்லை. ஓய்வுக்குப் பிறகு ஒட்டுவதற்குக் குடுவை இல்லை, நாட்கள்தான் இருக்கின்றன.

காலையில் குப்பை வாங்க வந்த மாராயியின் வலது உள்ளங்கையில் பெரிய கட்டு. யார் வீட்டினரோ உடைந்த டியூப்லைட்டைக் காகிதத்தில் சுற்றிக் குப்பையோடு போட்டிருக்கிறார்கள். குப்பையைப் பிரிக்க அவள் கையை உள்ளே விட, எட்டுத் தையல். முத்து நகரில் படித்தவர்களுக்குக் குறைச்சல் இல்லை, புத்திக்குத்தான் பஞ்சம். டியூப்லைட்டுக்குள் பாதரசம் இருக்கிறது என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

"லீவு போட வேண்டியதுதானே?" என்றேன்.

"லீவு போட்டா சம்பளம் இல்லீங்கம்மா. காண்ட்ராக்ட்டுதானுங்களே."

டீ கொடுத்தேன். அவளுக்கென்றே ஒரு எவர்சில்வர் டம்ளர் வைத்திருக்கிறேன், மதில்மேல் கவிழ்த்திருக்கும். இந்தத் தெருவில் வேறு யார் இவ்வளவு கவனிக்கிறார்கள்? 

வராந்தாவில் இவர் புது லைட் மாட்டிய இடத்தில் சுவரெல்லாம் கைத்தடம். பொங்கலுக்கு முன் வெள்ளையடிக்கச் சொல்ல வேண்டும்.

ஜனவரி 7, ஞாயிறு

பிரேமகுமாரி டீச்சர் வீட்டுக்குப் போனேன். என் பள்ளியில் வேதியியல் டீச்சராக இருந்தவர். இப்போது எங்கள் வார்டு கவுன்சிலர். தேர்தலின்போது அவருக்காக நான் ஏறாத படி இல்லை, கும்பிடாத கதவு இல்லை. மாராயியின் கையைப் பற்றிச் சொன்னேன். டியூப்லைட், பேட்டரி, காலாவதி மாத்திரை, பெயிண்ட் டப்பா, பூச்சிமருந்து பாட்டில், இதையெல்லாம் தனியாக வாங்க ஒரு ஏற்பாடு வேண்டும் என்றேன்.

டீச்சர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "வசந்தா, நீ சொல்றதுக்குன்னே ஒரு கவர்மெண்டு மானியம் இருக்குது தெரியுமா? தனிக் கொட்டகை, டிரம், வேன், எல்லாத்துக்கும். பொதுமக்களே முன்வந்து செய்யற ஊருக்குத்தான் முதல்ல தருவாங்க. பொங்கலுக்குள்ள ஒரு முகாம் நடத்திக் காட்டு. மத்தது என் பொறுப்பு."

அப்படி ஒரு சேகரிப்பு மையம் வந்தால் அதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டுமாம். கையுறை, பூட்ஸ், நிழலில் வேலை. "மாராயியையே போட்டுரலாம்" என்றார் டீச்சர், நான் கேட்காமலே. எனக்குக் கண் கலங்கிவிட்டது. 

மாலையில் மாராயியிடம் சொல்லிவிட்டேன். "அந்த வேலை உனக்குத்தான். நான் பொறுப்பு" என்று வாக்குக் கொடுத்தேன்.

ஜனவரி 14, ஞாயிறு, காப்புக் கட்டு

இடுப்பு ஒடிந்துவிட்டது. ஆனால் இப்படி ஒரு நாள் ஓய்வுக்குப் பிறகு வந்ததே இல்லை.

பொங்கலுக்கு முந்தின நாள் காப்புக் கட்டுக்குள் எல்லா வீட்டிலும் பரண் ஒழிப்பார்கள் என்று கணக்குப் போட்டுத்தான் இந்த வாரத்தைப் பிடித்தேன். கணக்குத் தப்பவில்லை. மூன்று நாளில் அறுபத்திரண்டு வீடு. பரணிலிருந்து என்னென்ன இறங்கியது! உடைந்த ஜுரமானி, எலிமருந்து, முடிக்குச் சாயம், காய்ந்துபோன பெயிண்ட், ஒரு வீட்டில் காலமான மாமனாரின் மாத்திரைகள் ஒரு பை நிறைய. இவரும் ரேடியோவுக்குப் போட்டுத் தீர்ந்த பேட்டரிகளைப் பதினைந்து வருடமாகச் சேர்த்து வைத்திருந்தார். "வெயில்ல வெச்சா மறுபடி உசுரு வரும் அம்மிணி" என்று கெஞ்சினார். பிடுங்கிப் போட்டேன்.

ஒவ்வொன்றிலும் என் கையால் சீட்டு: வீட்டு எண், பொருள், தேதி. ஆய்வகத்தில் மிச்சமான சிவப்புக் கரை போட்ட பசைச்சீட்டு, வார்னிஷ் தடவி ஒட்டினேன். தண்ணீரில் போட்டாலும் போகாது. இன்று கடைசிச் சீட்டு எங்கள் வீட்டுடையதாக இருக்கட்டும் என்று, சமையலறை டியூப்லைட்டைக் கழற்றி 'வீ.எண் 14' என்று எழுதி ஒட்டினேன். நல்லாத்தானே எரியுது என்றார் இவர். டீச்சர் அதைக் கையில் பிடித்தபடி போட்டோ எடுத்துக்கொண்டார்.

சிவப்பு டிரம்களை நகராட்சி வேன் வந்து ஏற்றிக்கொண்டது. நிலைப்படியில் வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ கட்டும்போது மாராயி தெருமுனையில் நின்றிருந்தாள்.

"ஏனுங்கம்மா, அந்த வேன் எங்க போகுதுங்?"

"கொட்டகை கட்டற வரைக்கும் நகராட்சி கிடங்குக்கு. அப்புறம் மொத்தமா இதையெல்லாம் அழிக்கற ஆலைக்குப் போயிரும்."

"கிடங்கு தெக்கால இருக்குதுங்க. வேன் வடக்கால போகுது."

டிரைவர் டீசல் போடப் போயிருப்பான் என்றேன்.

ஜனவரி 20, சனி

டீச்சர் ஒரு படிவம் கொண்டுவந்தார். மாதாமாதம் பொதுமக்கள் பிரதிநிதி கையெழுத்துப் போட வேண்டுமாம். 'சேகரிக்கப்பட்ட அபாயக் கழிவுகள் ________ வசம் முழுமையாக ஒப்படைக்கப்பட்டன.' அந்தக் கோடு காலியாக இருந்தது.

"கையெழுத்து மட்டும் போடு வசந்தா. மத்ததை நான் நிரப்பிக்கறேன்."

போட்டேன். பள்ளியிலும் இப்படித்தான். வருடக் கடைசியில் இருப்புப் பதிவேட்டில் நான் முதலில் கையெழுத்துப் போட்டுவிடுவேன், எத்தனை குடுவை உடைந்தது என்று டீச்சர் பிறகு எழுதிக்கொள்வார். முப்பது வருடம் ஒரு குறை வந்ததில்லை.

பொதுமக்கள் பிரதிநிதி. இவரிடம் இரண்டு முறை சொல்லிக் காட்டினேன். மூன்றாம் முறை எழுந்து போய்விட்டார்.

பிப்ரவரி 10, சனி

மானியம் வந்துவிட்டது! டீச்சர் போனிலேயே அழுதார், நானும் அழுதேன். நகராட்சிக் கூட்டத்தில் என் பெயரைச் சொன்னாராம். 

பிப்ரவரி 24, சனி

சனிக்கிழமை தோறும் நானும் மாராயியும் பேட்டரி வண்டியோடு வீடு வீடாகப் போகிறோம். நான் சீட்டு ஒட்டுகிறேன், அவள் தூக்கி வைக்கிறாள். பதினோரு மணிக்குத் தெருமுனையில் வேன் வந்து வாங்கிக்கொள்ளும்.

இன்று மாராயி மறுபடியும் ஆரம்பித்தாள். "அம்மா, ஒரு நாளைக்கு அந்த வேன் பொறகால போய்ப் பாருங்களேன். பூலாங்காட்டுப் பக்கம் ஒரு எட்டு வந்துட்டுப் போங்க. எங்க வீடு அங்கதானுங்க இருக்குது."

என்னை வீட்டுக்குக் கூப்பிடுகிறாள் என்று நினைத்து, "பார்க்கலாம், வெயில் தாழட்டும்" என்றேன். போய் உட்கார்ந்தால் ஏதாவது சாப்பிடச் சொல்வாள், மறுத்தால் வருத்தப்படுவாள். எதற்கு அந்தச் சங்கடம்?

மார்ச் 16, சனி

மையம் திறப்பு விழா. பெரிய வளைவு, அதில் டீச்சரின் படம், ஐம்பது கிலோ கேசரி. ரிப்பன் வெட்டும் தட்டை நான் பிடித்துக்கொண்டேன். மாராயியும் மற்றப் பணியாளர்களும் காலை நான்கு மணியிலிருந்து ரோடு பெருக்கியதால் விழாவுக்கு வர முடியவில்லை.

எல்லோரும் போன பிறகு கொட்டகை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். நான்கு பெரிய சிவப்பு டிரம்கள், மேலே சுற்றிய பிளாஸ்டிக் கூடப் பிரிக்காமல் பளபளவென்று இருந்தன. எவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறார்கள்! பூட்டுச் சாவி சுகாதார ஆய்வாளரிடம் இருக்கிறதாம்.

மாராயியின் வேலை பற்றிக் கேட்டேன். "ஆர்டர் வரணும் கண்ணு. பொறு" என்றார் டீச்சர்.

ஏப்ரல் 8, திங்கள்

மகளுக்கு இரண்டாவது பிரசவம். ஓசூர் போகிறேன், திரும்ப இரண்டு மாதமாவது ஆகும். மூட்டை கட்டும்போது டீச்சர் வந்தார், கையில் ஆறு படிவம்.

"நீ அங்க போயி பேரப்பிள்ளையைப் பாப்பியா, இதுக்குன்னு ஓடி வருவியா? செப்டம்பர் வரைக்கும் போட்டுக் குடுத்துரு."

இரயிலுக்கு நேரமாகிவிட்டது. நின்றபடியே ஆறிலும் போட்டேன். கடைசிப் படிவத்தில் பேனா சரியாக எழுதவில்லை, மேலே இன்னொரு முறை இழுத்தேன்.

மே 19, ஞாயிறு, ஓசூர்

பேரன். மூன்று கிலோ. மகளுக்குப் பூண்டுக் குழம்பு பிடிக்கவில்லை, பிள்ளைக்கு நான் குளிப்பாட்டுவது பிடிக்கவில்லை. இரண்டு பேரும் கத்துகிறார்கள்.

ஜூன் 22, சனி

ஊருக்கு வந்துவிட்டேன். முதல் வேலையாகச் சீட்டுக் கட்டை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினேன். நான் இல்லாதபோதும் மாராயி ஒரு சனிக்கிழமையும் விடாமல் வாங்கியிருக்கிறாள். மைய வேலை இன்னும் அவளுக்கு வரவில்லை. அதைப்பற்றி அவளும் கேட்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

டீ கொடுத்தேன். மதில் ஓரத்துச் செம்பருத்தி நான் இல்லாத இரண்டு மாதத்தில் வாடிப்போயிருக்கிறது. யார் தண்ணீர் ஊற்றினார்களோ, ஊற்றவில்லையோ.

ஜூலை 9, செவ்வாய்



காலையில் இவர் போனைக் கொண்டுவந்து நீட்டினார். காலனி வாட்ஸப்பில் ஒரு போட்டோ. பூலாங்காட்டுப் பாறைக்குழி. கல் எடுத்துவிட்டுக் கைவிட்ட குழி, தண்ணீர் நிற்கும். அதன் ஓரத்தில் செத்துக் கிடக்கும் மூன்று ஆடுகள். ஒருவர் கையில் ஒரு டியூப்லைட்டைத் தூக்கிப் பிடித்திருக்கிறார். அதில் சிவப்புக் கரை போட்ட சீட்டு. அடுத்த போட்டோவில் சீட்டு மட்டும், பெரிதாக:

வீ.எண் 14. டியூப்லைட். 14 ஜனவரி.

என் எழுத்து. வார்னிஷ் தடவியது. ஆறு மாதம் தண்ணீரில் கிடந்தும் ஓர் எழுத்துகூட அழியவில்லை.

கீழே ஒருவர் எழுதியிருந்தார்: 'பாறைக்குழியில் விஷம் கொட்டியது முத்து நகர் பொம்பளை.'

ஜூலை 10, புதன்

இவரோடு ஸ்கூட்டரில் போய்ப் பார்த்தேன். வடக்கே, ஆறு கிலோமீட்டர். 

அறுபத்திரண்டு வீடும் அங்கே கிடந்தது. மாமனாரின் மாத்திரைப் பை, முடிச்சாயம், இவருடைய ரேடியோ பேட்டரிகள், சனிக்கிழமைகளில் நான் ஒட்டிய ஒவ்வொரு சீட்டும். நான் பிரித்துக் கொடுக்காமல் இருந்திருந்தால் இவையெல்லாம் ஊர்க் குப்பையோடு சிதறிப் போயிருக்கும். நான் பிரித்துச் சேர்த்து, மொத்த விஷத்தையும் ஒரே குழியில் போட வழி செய்து கொடுத்திருக்கிறேன்.

ஆட்டுக்காரப் பெண் ஒருத்தி வந்து நின்றாள். நாற்பது வயது இருக்கும். திட்டுவாள் என்று நினைத்தேன். "வீட்டு நெம்பர் பதினாலு நீங்கதானுங்ளா?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

குழிக்கு அந்தப்பக்கம் வரிசையாக ஓட்டு வீடுகள் தெரிந்தன. நான் கேட்கவில்லை. அங்கேதான் மாராயி வீடு இருக்க வேண்டும்.

ஜூலை 12, வெள்ளி

டீச்சர் வந்தார். போட்ட காபியைத் தொடவில்லை.

"ஆலைக்காரன் பத்து டன் சேர்ந்தாத்தான் லாரி அனுப்புவேங்கறான். அதுவரைக்கும் எங்க வெக்கறது? காண்ட்ராக்டர் ஒரு எடம் பாத்தாரு. இப்படியாகும்னு யாருக்குத் தெரியும்?"

"மானியத்துல கொட்டகை கட்டினமே டீச்சர். டிரம் இருக்குதே."

"அதுல வெச்சு ஒழுகிச்சுன்னா யாரு பதில் சொல்றது? ரெண்டாம் தவணை மானியம் இந்த மாசம் வரணும். இப்ப போய் இதை ஊதிப் பெருசாக்கினா மையமே போயிரும். நீ ஆரம்பிச்சது வசந்தா இது, உன் குழந்தை." என் கையைப் பிடித்துக்கொண்டார். "உன் மேல ஒரு தூசு படாம நான் பாத்துக்கறேன். பேப்பர் எல்லாம் சரியா இருக்குது."

எனக்கு நிம்மதியாக இருந்தது. அதை மறைக்காமல் எழுதுகிறேன். அவர் போனதும் படுத்து ஒரு மணி நேரம் தூங்கினேன்.

ஜூலை 13, சனி

குப்பை வாங்க வேறொரு பெண் வந்தாள். மாராயி எங்கே என்றேன். "நிறுத்திப்புட்டாங்க" என்றாள்.

ஜூலை 15, திங்கள்

நகராட்சி அலுவலகத்துக்குப் போனேன். டீச்சர் கூட்டத்தில் இருந்தார். எழுத்தர் எங்கள் பள்ளியில் படித்த ஒரு பெண்ணின் அப்பா. என்னை உட்காரவைத்து, சொல்லத் தயங்கி, கடைசியில் கோப்பை என் பக்கம் திருப்பினார்.

ஜனவரி முதல் ஒன்பது படிவம். ஒன்பதிலும் காலியாக இருந்த கோட்டில் ஒரே நீல மையில், டீச்சரின் குண்டு குண்டு எழுத்தில்: 'தூய்மைப் பணியாளர் மாராயி வசம் முழுமையாக ஒப்படைக்கப்பட்டன.' கீழே என் கையெழுத்து. இன்னும் வராத ஆகஸ்டுக்கும், செப்டம்பருக்கும்கூட. செப்டம்பரில் நான் பேனா எழுதாமல் இரண்டாவது முறை இழுத்த கோடு அப்படியே இருந்தது.

"நீங்க குடுத்ததை அந்தம்மா மையத்துக்குக் கொண்டு போகாம, வேலை மிச்சம்னு வீட்டுப் பக்கத்துக் குழியில கொட்டிருச்சுன்னு அறிக்கை" என்றார் எழுத்தர். "குழியும் அவங்க வீட்டுக்கிட்ட இருக்குதா, பொருந்திப் போச்சுங்க."

டீச்சர் சொன்னது உண்மைதான். பேப்பர் எல்லாம் சரியாக இருக்கிறது.

ஜூலை 16, செவ்வாய்

டீச்சர் வீட்டுக்குப் போனேன். என் குரல் இவ்வளவு உயரும் என்று எனக்கே தெரியாது.

"மாராயி பேரை எழுத உங்களுக்கு எப்படி மனசு வந்துச்சு? என் கையெழுத்தை வெச்சா அவ சோத்துல மண்ணைப் போடறீங்க?"

டீச்சர் கோபப்படவில்லை. அதுதான் பொறுக்கவில்லை. பாடம் நடத்தும் குரலில் சொன்னார்: "ஒருத்தர் பேரு வந்துதான் ஆகணும். உன் பேரா, அவ பேரான்னா நான் உன்னைத்தானே காப்பாத்துவேன்? அவளுக்கு வேற காண்ட்ராக்ட்டுல எடம் வாங்கித் தர்றேன். முப்பது வருசம் நீட்டின எடத்துல கையெழுத்துப் போட்டயே, ஒரு நாளாவது படிச்சுப் பாத்தியா? இப்ப மட்டும் என்ன புதுசா?"

முப்பது வருடமும் உடைந்த குடுவைகளின் எண்ணிக்கை எப்படிச் சரியாக வந்தது என்று முதல் முறையாக யோசித்தேன். யார் யார் பெயரில் எழுதினாரோ. உடைத்த பிள்ளைகள் என்று எத்தனை பேர் அபராதம் கட்டினார்களோ.

அவரைத் தெய்வமாக நினைத்தேன். அவர் என்னை அட்டெண்டராகவேதான் வைத்திருந்திருக்கிறார்.

ஜூலை 18, வியாழன்

மாவட்ட அலுவலகத்திலிருந்து விசாரணைக்கு ஓர் அதிகாரி திங்கட்கிழமை வருகிறார். எழுத்தர் போனில் சொன்னார். மாராயி சொல்வதற்கு ஆதாரம் எதுவும் இல்லையாம். வேனில் ஏற்றியதற்கு ரசீது இல்லை. டிரைவர், தான் எதையும் ஏற்றவே இல்லை என்கிறான்.

இரவுச் சாப்பாட்டுக்கு முன் இவர் கேட்டார். "அவ உன்ற கிட்ட முன்னாடியே சொன்னாளே, வேன் வடக்கால போகுதுன்னு. எப்பச் சொன்னா?"

டைரியை எடுத்தேன். ஜனவரி 14. பிப்ரவரி 24. எல்லாம் இருக்கிறது. வேன் வந்தது, பதினோரு மணிக்கு வாங்கியது, படிவம் காலியாக இருந்தது, ஆறு படிவத்தில் நின்றபடி கையெழுத்துப் போட்டது. தேதியோடு, என் எழுத்தில்.

இவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதையும் படித்தார். பிறகு, "இதைக் குடுத்தா அவ தப்பிச்சுக்குவா அம்மிணி" என்றார். "நீ மாட்டிக்குவ. பென்ஷனுக்கும் என்ன வருமோ. வேணும்னா ஒண்ணு பண்ணு, அந்த டம்ளர் சமாச்சாரம், அவ வீட்டுக்குப் போனா சாப்படச் சொல்லுவாங்கறது, அதெல்லாம் இருக்கற தாளை மட்டும் எடுத்துரு. ஆபீசருக்கு அதெதுக்கு?"

டம்ளர் என்று அவர் சொன்ன பிறகுதான் அதைப் பற்றி நான் என்ன எழுதி வைத்திருக்கிறேன் என்று திருப்பிப் பார்த்தேன். உடம்பெல்லாம் கூசியது.

ஜூலை 20, சனி

பூலாங்காட்டுக்குத் தனியாக, பஸ்ஸில் போனேன். மாராயி வாசலில் விறகு உடைத்துக்கொண்டிருந்தாள். பார்த்ததும் எழுந்தாள், வாங்க என்று சொல்லவில்லை. 

டைரியைக் காட்டி, திங்கட்கிழமை கொடுக்கப் போகிறேன் என்றேன். உன் பெயர் இதில் நிறைய வருகிறது, உனக்குச் சம்மதமா என்று கேட்டேன்.

"என்ன எழுதியிருக்கீங்கன்னு தெரியாம எப்படிங்க சம்மதம் சொல்றது? படிங்க" என்றாள். "நீங்க படிக்காம கையெழுத்துப் போட்டாப்பல நானும் போடறதுங்ளா?"

படித்தேன். வாசற்படியில் உட்கார்ந்து, முதல் தேதியிலிருந்து. டம்ளர் வந்த இடத்தையும் விடாமல் படித்தேன். அவள் விறகை அடுக்கிக்கொண்டே கேட்டாள்.

"டம்ளர் எனக்குத் தெரியுமுங்க" என்றாள். "அதுல குடுத்த டீய நான் ஒரு நாளும் குடிச்சதில்லீங்க. நீங்க உள்ள போனதும் உங்க செம்பருத்திக்குத்தான் ஊத்துவேன்."

பேரன் பிறந்த நாள், வாடிப்போன செடி என்று வரிசையாகப் படித்து முடித்தேன். அவள் கைகளைத் தட்டிக்கொண்டு எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"மொதல் பக்கத்துல ஒண்ணு தப்பா இருக்குதுங்க. யார் வீட்டினரோன்னு எழுதியிருக்கீங்க. டியூப்லைட்டு சுத்தியிருந்த பேப்பரு என்ற கையில இருந்துச்சு. பேப்பர் போடறவரு மேல ஓரத்துல வீட்டு நெம்பரைப் பென்சில்ல எழுதுவாருங்க. எனக்கு எழுத்துத்தான் தெரியாது, நெம்பர் நல்லாத் தெரியும்."

டைரியை மூடி மடியில் வைத்தேன்.

"அன்னைக்கே சொல்லலாம்னுதான் கட்டுப் போட்ட கையோட வந்தேன். நீங்க பதறிப் போயி என்ற கையைப் பாத்தீங்க. இவங்களுக்குத் தெரியலயாட்டம் இருக்குது, எதுக்குச் சங்கடப்படுத்தறதுன்னு விட்டுட்டேன்." பிறகு கேட்டாள்: "தெரியாதுங்ளா, தெரியுமுங்ளா?"

அவள் கண்ணைப் பார்த்துத் தெரியும் என்றேன்.

"அப்ப அதையும் எழுதிக் குடுங்க. அது இல்லாம குடுத்தா என்ற சம்மதம் இல்லீங்க."

புறப்படும்போது தண்ணீர் தாகமாக இருந்தது. கேட்க எனக்கு உரிமை இல்லை என்று தோன்றியது. அவளும் கொடுக்கவில்லை.

ஜூலை 21, ஞாயிறு

நாளைக் காலை பத்து மணிக்கு இந்த டைரியை அதிகாரியிடம் கொடுக்கிறேன். ஒரு தாளும் கிழிக்கவில்லை. டீச்சர் காலையிலிருந்து நான்கு முறை போன் செய்தார், எடுக்கவில்லை. இவர் மதில்மேல் இருந்த டம்ளரைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுப் போனார். கழுவிக் காபி ஊற்றி நானே குடித்தேன். அடியில் துருப்பிடித்திருந்தது, இத்தனை வருடம் நான் பார்த்ததே இல்லை.

கீழே உள்ளதையும் சேர்த்துப் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

ஜனவரி 3ஆம் தேதி நான் எழுதியது பொய். டிசம்பர் 31 அன்று வராந்தாவில் பழுதான டியூப்லைட்டைக் கழற்றும்போது கை தவறி உடைந்தது. அதற்குள் என்ன இருக்கிறது என்று முப்பத்தொரு வருடம் பிள்ளைகளுக்குச் சொன்னவள் நான். விடிந்தால் புது வருடம், வீட்டில் வைத்திருக்க வேண்டாம் என்று செய்தித்தாளில் சுற்றிக் குப்பைப் பையில் போட்டேன். மாராயியின் கையில் எட்டுத் தையல் போட வைத்தது அந்த டியூப்லைட்தான். இந்த முகாமையெல்லாம் நான் அதை மறைக்கத்தான் நடத்தினேனோ என்று இப்போது எனக்கே சந்தேகமாக இருக்கிறது.

பொருள்: டியூப்லைட், உடைந்தது. 
போட்ட தேதி: டிசம்பர் 31. 
வீட்டு எண்: 14.

இதுவரை எழுதியிருப்பது எல்லாம் நானே எழுதியது. படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போடுகிறேன்.

கு. வசந்தாமணி